பிள்ளைக்கேற்ற பள்ளி: கவனம் நிலைக்காத குழந்தையின் பெற்றோருக்கு ஒரு பாடம்

நம்மில் ஒரு வியாபாரியின் மகனைப் பற்றிச் சொல்லி இப்பாடத்தைத் தொடங்குகிறோம். தகப்பனாருக்கு ஜவுளிக்கடை. காலையில் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் வீடு. மகனுக்கு அப்போது வயது பத்து. விடுமுறை நாளில் கடைக்கு வந்தால், எந்தத் தட்டில் எந்தக் கைலி இருக்கிறது, எது தீர்ந்து போயிற்று என்று சிப்பந்திக்கு முன்னால் சொல்லிவிடுவான். பள்ளிக்கூடத்திலோ நான்கு வரி எழுத ஒரு மணி நேரம் ஆகும். பென்சில் தொலையும், புத்தகம் மறந்து போகும், பாடம் நடக்கும்போதே எழுந்து சன்னல் ஓரம் போய் நிற்பான். ஆசிரியர் கேள்வியை முடிக்கும் முன்னே பதிலைக் கத்திவிடுவான்.

நான்கு ஆண்டுகளில் மூன்று பள்ளிகள் ஆயின. முதலாவது அரசாங்கப் பள்ளி. மற்ற இரண்டும் தனியார் பள்ளிகள். ஒவ்வொரு மாற்றத்திலும் கட்டணம் ஏறியது. பையனின் நிலை மட்டும் மாறவில்லை. "சோம்பேறி", "அடங்காப்பிடாரி" என்ற பெயர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் அவனைத் தொடர்ந்தன. நாமும் சும்மா இருக்கவில்லை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும்" என்று அந்தத் தகப்பனாருக்கு யோசனை சொன்னவர்களில் நாமும் உண்டு. அந்த யோசனை தவறு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

பையனை டாக்டரிடம் காட்டியிருந்தார்கள். ஏ.டி.எச்.டி. என்று எழுதிய கடிதமும் கையில் இருந்தது. ஆனால் அக்கடிதம் இரண்டு வருஷம் கல்லாப்பெட்டியின் அடியில் கிடந்தது. நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ, பள்ளியில் இடம் மறுத்துவிடுவார்களோ என்ற அச்சம். பிறகு ஒரு நாள் இரவு பையன் சொன்னான்: "அத்தா, நான் வேணும்னு செய்யலே. உட்காரணும்னுதான் நினைக்கிறேன். எப்போ எழுந்திரிச்சேன்னே எனக்குத் தெரியலே." அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் கடிதம் வெளியே வந்தது.

அந்தத் தகப்பனார் பணத்தில் குறை வைத்தவரல்லர். அவர் கட்டடத்தைப் பார்த்தார். தேர்வு முடிவுகளைப் பார்த்தார். பிற வியாபாரிகளின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று பார்த்தார். தம் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று மட்டும் பார்க்கவில்லை. இதே நிலையில் நம் சகோதரர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள் என்று அறிந்தே இப்பாடத்தை எழுதுகிறோம்.

இது என்ன?

ஏ.டி.எச்.டி. என்பது கவனத்தை ஒரு வேலையில் நிறுத்தவும், உடலை அடக்கி வைக்கவும், செய்யுமுன் யோசிக்கவும் மூளை சிரமப்படும் ஒரு நிலையாகும். இது நாகரிக காலத்து வியாதி என்று சிலர் நினைக்கிறார்கள். வாஸ்தவம் அதுவன்று. 1902ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அறிவில் குறைவில்லாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி விவரித்தார். இன்றுள்ள பெயர் 1987இல் வந்தது.

இந்நிலை மூன்று விதமாகக் காணப்படும். சிலருக்குக் கவனம் மட்டும் நிலைப்பதில்லை. சிலருக்குத் துறுதுறுப்பும் பதற்றமும் மிகுதி. சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். முதல் விதத்துப் பிள்ளைகள் வகுப்பில் தொந்தரவு கொடுப்பதில்லை. ஆகையால் அவர்களை யாரும் கவனிப்பதுமில்லை. பெண் பிள்ளைகள் பலர் இவ்விதம் விடுபட்டுப் போகிறார்கள். "என் மகள் சாது, கொஞ்சம் மறதி" என்று சொல்லும் பெற்றோரும் இப்பாடத்தைப் படிக்க வேண்டும்.

இது வளர்ப்பின் குற்றத்தால் வருவதன்று. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பிள்ளையின் சுபாவத்தை டாக்டர் விவரிக்கும்போது, தம் சிறுவயதையே யாரோ சொல்வதுபோல் உணர்ந்த தகப்பன்மார் உண்டு. அறிவுக் குறைவும் அன்று. விருப்பமான வேலையில் ஒரு மணி நேரம் ஆழ்ந்திருக்கும் பிள்ளை, விருப்பமில்லாத வேலையில் ஐந்து நிமிடம் நிற்க மாட்டான். இதைக் கண்டுதான் நாம் "மனம் வைத்தால் செய்வான்" என்று சொல்லி ஏமாந்து போகிறோம். மனத்தை வைப்பதுதானே அவனுக்குச் சிரமம்!

பள்ளி தேடுமுன் செய்ய வேண்டியது

முதலில் பிள்ளையின் நிலையைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டினால், மருத்துவமனையில் உள்ள குழந்தை வைத்தியரிடமோ மனநல வைத்தியரிடமோ அனுப்புவார்கள். மலேசியச் சுகாதார அமைச்சு இந்நிலைக்கான சிகிச்சை வழிகாட்டியை 2008இல் வெளியிட்டு, 2020இல் திருத்தி அமைத்திருக்கிறது. ஆகவே இது நம் நாட்டு வைத்தியர்களுக்குப் புதிய விஷயமன்று.

அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்; ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும்; வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் காணப்பட வேண்டும். இதற்காகவே டாக்டர் பெற்றோரையும் விசாரிப்பார், ஆசிரியரிடமிருந்தும் குறிப்புக் கேட்பார். கண் பார்வையும் காதும் சரியாக உள்ளனவா, பிள்ளை நன்றாகத் தூங்குகிறதா என்றும் பார்ப்பார். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் தனிச் சிரமம் இருந்தால் அதையும் கண்டறிய வேண்டும். இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமன்று. இவ்வளவும் எழுதிய அறிக்கை கையில் இருந்தால்தான் பள்ளியிடம் எதைக் கேட்பது என்று நமக்கே விளங்கும்.

தனியார் பள்ளி அவசியமா?

எல்லாப் பிள்ளைக்கும் அவசியமில்லை. மலேசியக் கல்வி அமைச்சு 2019 முதல், குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்கக்கூடாது என்னும் கொள்கையைக் கடைப்பிடிக்கிறது. பொறுமையுள்ள ஒரு வகுப்பாசிரியர் கிடைத்து, அரசாங்கப் பள்ளியிலேயே நன்றாகத் தேறிய பிள்ளைகள் அநேகர். வகுப்பில் கூட்டம் அதிகம், ஆசிரியருக்கு நேரமில்லை, பிள்ளை நாள்தோறும் ஏச்சு வாங்கி மனம் ஒடிகிறான் என்னும் நிலை வந்தால்தான் தனியார் பள்ளியை யோசிக்க வேண்டும்.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. தனியார் பள்ளி என்ற பலகையே பிள்ளைக்கு மருந்தாகிவிடாது. உயர்ந்த தேர்வு முடிவுகளை விளம்பரம் செய்யும் பள்ளிக்கு, அந்த முடிவைக் குறைக்கும் என்று தோன்றும் பிள்ளை பாரமாகத் தெரியக்கூடும். அதிகக் கட்டணம் வாங்கும் பள்ளியில் அதிகப் பொறுமை இருக்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

நம் நாட்டில் மூன்று வகை இடங்கள் உள்ளன. தேசியப் பாடத்திட்டத்தைக் கற்பிக்கும் தனியார் பள்ளிகள் ஒரு வகை. பிரிட்டிஷ் பாடத்திட்டம் முதலான வெளிநாட்டுப் பாடத்திட்டங்களைக் கற்பிக்கும் அனைத்துலகப் பள்ளிகள் மற்றொரு வகை. அனைத்துலகப் பள்ளிகளில் உள்நாட்டு மாணவர்களுக்கு இருந்த 40 விழுக்காட்டு வரம்பு 2012இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு நம்மவர் பிள்ளைகளும் அங்கே அதிகமாகச் சேர்ந்தார்கள். மூன்றாவது, கற்றல் நிலையம் என்ற பெயரில் வீட்டிலோ கடைவீட்டு மாடியிலோ சிறு குழுவாக நடப்பவை. இவற்றில் அருமையானவையும் உண்டு. ஒரு பதிவுமில்லாதவையும் உண்டு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி தனியார் கல்வி நிலையங்கள் கல்வி அமைச்சிடம் பதிவு பெற வேண்டும். லைசென்ஸ் இல்லாத கடையிலிருந்து மொத்தச் சரக்குக் கொள்முதல் செய்வோமா? பள்ளியிலும் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

"எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் அன்பாகப் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லாத பள்ளி கிடையாது. சரக்கு நல்ல சரக்குத்தான் என்று சொல்லாத வியாபாரியும் கிடையாது அல்லவா? ஆகவே குணத்தைக் கேட்காமல் செயலைக் கேட்க வேண்டும்.

முதலாவது: இதே நிலையிலுள்ள பிள்ளைகள் இப்போது இங்கே படிக்கிறார்களா? அவர்களுக்காக நேற்று வகுப்பில் என்ன செய்தீர்கள்? உண்மையில் செய்கிற ஆசிரியர் உடனே சொல்வார்: முன் வரிசையில், சன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி உட்கார வைத்தேன், பத்துக் கணக்கை ஒரேயடியாகக் கொடுக்காமல் மூன்று மூன்றாகக் கொடுத்தேன், நடுவில் வெண்பலகையைத் துடைக்கும் வேலை கொடுத்து எழுந்து நடக்க விட்டேன் என்பார். செய்யாதவர் பொதுவாகப் பேசுவார்.

இரண்டாவது: வகுப்பில் எத்தனை பேர்? உதவி ஆசிரியர் உண்டா? பள்ளி முழுவதற்கும் எத்தனை மாணவர் என்பது நமக்கு வேண்டாம். நம் பிள்ளை உட்காரப் போகும் அந்த அறையில் எத்தனை பேர் என்பதே கணக்கு.

மூன்றாவது: விசேஷத் தேவைக்கென்று பயிற்சி பெற்றவர் யார்? அவர் நாள்தோறும் வருகிறாரா, மாதம் ஒரு முறை வந்து போகிறாரா? அவர் விலகிவிட்டால் என்ன ஏற்பாடு? ஒரே ஒரு நல்ல ஆசிரியரை நம்பிச் சேர்த்து, அவர் விலகிய மறுமாதமே பிள்ளை பழைய நிலைக்குத் திரும்பியதும் உண்டு.

நான்காவது: பிள்ளை தவறு செய்தால் என்ன செய்வீர்கள்? இடைவேளையை நிறுத்தி வைப்போம் என்று சொன்னால் யோசிக்க வேண்டும். ஓடி ஆடுவது இப்பிள்ளைகளுக்கு மிக அவசியம். அதைப் பிடுங்கினால் அடுத்த பாடத்தில் இன்னும் நிலைகொள்ள மாட்டார்கள். நல்லது செய்த உடனே பாராட்டுவோம், விதிகளைச் சுருக்கமாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம் என்று சொன்னால் அது நல்ல அடையாளம். இவர்களுக்கு மாதக் கடைசியில் வரும் பரிசும் தண்டனையும் உறைக்காது; அன்றன்றைக்கு வருவதே உறைக்கும்.

ஐந்தாவது: வீட்டுக்கு எப்படிச் செய்தி அனுப்புவீர்கள்? தினக் குறிப்பு அட்டை என்னும் முறை நெடுநாளாகக் கையாளப்பட்டுப் பலன் தந்தது. இரண்டு மூன்று நோக்கங்கள் மட்டும் அட்டையில் இருக்கும்: கை தூக்கிப் பேசினானா, வேலையை முடித்தானா என்பதுபோல. ஆசிரியர் ஒவ்வொரு பாடத்துக்கும் குறி இடுவார். மாலையில் வீட்டார் அதைப் பார்த்துச் சிறு வெகுமதி கொடுப்பார்கள். நாம் அன்றாடம் கல்லாக் கணக்கு முடிப்பதுபோலத்தான்.

ஆறாவது: தேர்வில் என்ன சலுகை வாங்கித் தருவீர்கள்? எஸ்.பி.எம். தேர்வில் விசேஷத் தேவையுள்ளோருக்குக் கூடுதல் நேரம் முதலிய ஏற்பாடுகள் உண்டு. கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் 25 விழுக்காடு வரை கூடுதல் நேரமும், மேற்பார்வையுடன் ஓய்வு இடைவேளையும் கேட்கலாம். ஆனால் விண்ணப்பத்தைப் பள்ளிதான் அனுப்ப வேண்டும். வகுப்பிலும் பிள்ளை அம்முறையிலேயே எழுதி வந்திருக்க வேண்டும். தேர்வு ஆண்டில் போய்க் கேட்பது பிந்திய காரியம்.

ஏழாவது: பிள்ளை மருந்து சாப்பிட்டால், அதை யார் வைத்திருந்து கொடுப்பார்? மெதில்பெனிடேட் என்னும் மருந்தின் குறுகிய வகை சுமார் நான்கு மணி நேரமே வேலை செய்யும். மதியம் மறுவேளை தேவைப்படலாம். அம்மருந்து பசியைக் குறைக்கும். ஆகவே மதிய உணவைத் தொடாமல் திரும்பினால் வீட்டுக்குத் தெரிவிக்கவும் ஒருவர் வேண்டும். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது டாக்டருக்கும் பெற்றோருக்கும் உரிய முடிவு. மருந்து கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று வற்புறுத்தும் பள்ளியும், மருந்தே கூடாது என்று உபதேசம் செய்யும் பள்ளியும் தம் எல்லையைக் கடக்கின்றன.

ஒத்துக்கொண்டவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நாம் சிட்டையில்லாமல் கடன் கொடுப்பதில்லை. ஒரு பக்கத்தில் ஐந்து வரி போதும்: எங்கே உட்காருவான், வேலை எப்படிப் பகுக்கப்படும், யார் பொறுப்பு, எப்போது கூடிப் பேசுவோம். தவணைக்கு ஒரு முறை அதைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

நேரில் பார்க்க வேண்டியவை

பள்ளி திறந்தவெளி விழா வைக்கும் நாளில் போகாமல், சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். பாடம் நடக்கும்போது பின் வரிசையில் இருப்பவன் என்ன செய்கிறான், அவனை ஆசிரியர் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார் என்று கவனியுங்கள். ஒரு பிள்ளை எழுந்து நடந்தால், எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்கிறாரா, தோளைத் தொட்டு மெதுவாக உட்கார வைக்கிறாரா? அந்த அரை நிமிடம் விளம்பரத்தாளைவிட அதிகம் சொல்லும். கூடுமானால் இரண்டு மூன்று நாள் பரீட்சார்த்தமாகப் பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள். மாலையில் அவனிடம், "என்ன படித்தாய்?" என்று கேட்பதற்கு முன், "யாரோடு விளையாடினாய்?" என்று கேளுங்கள். தாய்மார்களையும் உடன் அழைத்துச் செல்வது அவசியம். பிள்ளையின் காலை வேளையும் இரவு வேளையும் நம்மைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

மறைக்கலாமா?

இக்கேள்விக்குத்தான் நாம் அதிக அழுத்தம் கொடுக்க விரும்புகிறோம். அறிக்கையை மறைத்துச் சேர்த்தால் இடம் கிடைக்கலாம். ஆனால் முதல் வாரத்திலேயே பிள்ளையின் சுபாவம் வெளிப்பட்டுவிடும். காரணம் அறியாத ஆசிரியர் அதைத் திமிர் என்றே எடுத்துக்கொள்வார். அப்போது உதவி கேட்கவும் நமக்கு வாயிராது. குறையுள்ள சரக்கை மூடி விற்றவன் பிறகு வாடிக்கையாளர் முகத்தில் விழிக்க முடியாமல் இருப்பதுபோலாகும் நம் நிலை. அதோடு, தன்னிடம் உள்ளது மறைக்க வேண்டிய ஒன்று என்று பிள்ளையும் கற்றுக்கொள்கிறான். உண்மையைச் சொன்னதால் ஒரு பள்ளி கதவடைத்தால், நான்கு மாதம் கழித்து அடைய வேண்டிய கதவு இன்றே அடைந்தது என்று எண்ணிக்கொள்ளலாம். கட்டணமாவது மிஞ்சும்.

செலவுக் கணக்கு

மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்கக்கூடாது. பதிவுப் பணம், முன்பணம், சிறப்பு ஆசிரியருக்கான தனிக் கட்டணம், உடன் உட்காரும் உதவியாளரின் சம்பளம், வேன் கூலி எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக் கணக்குப் போட வேண்டும். நடுவில் விலகினால் முன்பணம் திரும்புமா என்று முதலிலேயே கேளுங்கள். வியாபாரம் மந்தமான ஆண்டிலும் கட்டக்கூடிய பள்ளியா என்று பாருங்கள். இப்பிள்ளைக்குப் பள்ளி மாற்றம் மற்றப் பிள்ளைகளைவிடக் கடினம்.

வருமான வரியில் ஒரு சலுகை உண்டு. 18 வயது வரையுள்ள பிள்ளையின் கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் பரிசோதனைக்கும் பயிற்சிச் சிகிச்சைக்கும் ஆன செலவில், 2023ஆம் வரியாண்டு முதல் 4,000 ரிங்கிட் வரை கழிவு பெற வழி செய்யப்பட்டது. 2025ஆம் வரியாண்டுக்கு அது 6,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. பள்ளிக் கட்டணம் இதில் சேராது. ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, அந்தந்த ஆண்டின் வரம்பைக் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிவு செய்துகொள்வது பெற்றோரின் விருப்பம், கட்டாயமன்று.

வீட்டில் நம் பங்கு

பள்ளி எவ்வளவு நல்லதானாலும், பகல் முழுவதும் தன்னை அடக்கி வைத்துக் களைத்து வரும் பிள்ளையை உடனே டியூஷனுக்கும், அங்கிருந்து ஓதப் பள்ளிக்கும், இரவு வீட்டுப்பாடத்துக்கும் துரத்தினால் ஒன்றும் ஏறாது. நடுவில் விளையாட்டு நேரம் வேண்டும், தூக்கம் குறையக்கூடாது. ஓதிக் கொடுக்கும் உஸ்தாதிடமும் விஷயத்தைச் சொல்லி, அரை மணி நேரத்தை இரண்டு பகுதியாகப் பிரித்துக் கேட்பது நலம். கடையில் நாம் நான்கு வேலையை ஒரே மூச்சில் சொல்வோம்; இப்பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லி, முடித்த பின் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

முதலில் சொன்ன பையனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நான்காவது பள்ளி சிறியது; மூன்றாவதைவிடக் கட்டணம் குறைவு; நீச்சல் குளமும் இல்லை. தகப்பனார் முதல் நாளே கடிதத்தை மேசைமேல் வைத்தார். தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "எந்த வேலையை இவன் ஆசையோடு செய்வான்?" தகப்பனார் கடையில் சரக்கு எண்ணுவதைச் சொன்னார். அவ்வாரமே வகுப்பு நூலகத்தின் புத்தகக் கணக்கு அவன் பொறுப்பாயிற்று. அவன் வகுப்பில் முதல் மாணவன் ஆகிவிடவில்லை. கையெழுத்து இன்னும் கோணல்தான். பென்சில் இன்னும் தொலைகிறது. ஆனால் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வது நின்றுவிட்டது.

சகோதரர்களே! உங்கள் கல்லாப்பெட்டியிலும் இப்படி ஒரு கடிதம் கிடந்தால், இன்றே எடுத்து வெளியே வையுங்கள். பிள்ளைகளைப் பற்றி நம்மிடம் யோசனை கேட்க வருகிறவர்களுக்கு இனி நாமும் அவசரப்பட்டுப் பிரம்பைக் காட்டாமல், "பிள்ளை என்ன சொல்கிறான்?" என்று முதலில் கேட்போமாக.